ஆசை காட்டியது யார்? மதமாற்றச் சட்டமும் தன்பாலீர்ப்பும் தமிழ்ச் செய்தித்தாள்களில்

கேள்வி

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு 'ஆசை வார்த்தை கூறி' என்ற தொடர் நன்கு பழகியது. ஒருவர் ஆசை வார்த்தை கூறுவார். மற்றவர் அதில் மயங்கி வீட்டைவிட்டுப் போவார். போலீஸார் வழக்குப் பதிந்து தேடுவார்கள். 2002 அக்டோபர் 5ஆம் தேதி தமிழ்நாடு அரசு பிறப்பித்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டமும் இதே கதையைத்தான் சட்ட மொழியில் சொன்னது. வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல், மோசடி ஆகியவற்றால் ஒருவரை மதம் மாற்றுவது குற்றம் என்றது. அங்கும் மயங்கியவர் ஒருவர், மயக்கியவர் ஒருவர்.

மத சுதந்திரம் தொடர்பான சட்டங்களும் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளும் நம் செய்தித்தாள்களில் ஒன்றுக்கொன்று உறவில்லாத சங்கதிகளாக வருகின்றன. முதலாவது அரசியல் பக்கத்துக்கு உரியது. இரண்டாவது நீதிமன்றப் பக்கத்துக்கோ குற்றப் பக்கத்துக்கோ உரியது. இந்தப் பிரிவினை சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இரண்டு வகைச் செய்திகளும் ஒரே வார்ப்பில் எழுதப்படுகின்றன என்பதும், அந்த வார்ப்பில் வயதுவந்த ஒருவரின் சொந்த முடிவுக்கு இடமே இல்லை என்பதும் என் வாதம். பத்திகளை எண்ணி, சென்டிமீட்டரில் அளந்து செய்யும் ஆய்வு அல்ல இது. செய்தியின் வடிவத்தையும், அது எந்தப் பக்கத்தில் வருகிறது, யார் சொன்னதாக வருகிறது என்பதையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சட்டங்களோடும் தீர்ப்புகளோடும் வைத்துப் படிக்கும் முயற்சி. திருச்சிப் பதிப்புகளை வாசிக்கும் புதுக்கோட்டை மாவட்டத்து வாசகரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

இதுவரையான பார்வைகள்

இவ்விரண்டையும் சேர்த்துப் பேசும் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2015 மார்ச் மாதம் இந்தியானா மாநில ஆளுநர் மைக் பென்ஸ் 'மத சுதந்திர மீட்புச் சட்டம்' ஒன்றில் கையெழுத்திட்டார். தன்பாலினத் தம்பதிக்குச் சேவை செய்ய மறுக்கும் வணிகருக்கு அது கேடயமாகிவிடும் என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அங்கே மத சுதந்திரச் சட்டம் என்பது நம்பிக்கையாளருக்குத் தரும் விலக்கு. ஆகவே அந்நாட்டுச் செய்திகளில் மதமும் தன்பாலீர்ப்பும் எதிரெதிர் அணிகளாக நிற்கின்றன.

அந்தச் சட்டகத்தை அப்படியே இங்கே இறக்கினால் எதுவும் பொருந்தாது. 1967இல் ஒரிசா இயற்றிய சட்டத்தின் பெயரும் மத சுதந்திரச் சட்டம்தான். ஆனால் அது மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேசம் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது. மதத்தைப் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று கூறி, 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லும் என்றது. தன்பாலினப் புணர்ச்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவும் இந்தச் சட்டங்களும் நம் நாட்டில் எதிரெதிரே நிற்கவில்லை. ஒரே வரிசையில் நின்றன. வளர்ந்த மனிதரின் அந்தரங்க முடிவை அரசு மேற்பார்வையிடலாம் என்பதே இரண்டுக்கும் அடித்தளம்.

மதமாற்றம் பற்றிய ஆய்வுலகம் நம் செய்தியறைகளைவிட வெகுதூரம் போய்விட்டது. மதமாற்றத்தை அரசையும் சமூகத்தையும் நோக்கிய விமர்சனச் செயலாகப் படிக்கலாம் என்று கௌரி விஸ்வநாதன் 1998இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். 2014இல் ரூபா விஸ்வநாத் எழுதிய நூல், காலனியத் தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட உழைப்பாளர்கள் கிறித்தவத்தை நாடியபோது அவர்களுடைய நோக்கம் ஆன்மிகமா, வெறும் பிழைப்பா என்ற கேள்வி எப்படி அவர்கள்மீது திணிக்கப்பட்டது என்பதை ஆராய்கிறது. நிலமும் மரியாதையும் வேண்டி மதம் மாறியவரை 'ஆசைக்கு மாறியவர்' என்று எழுதுவது அன்றே தொடங்கிவிட்டது. 1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோதும் வெளிநாட்டுப் பணம் என்ற பேச்சுதான் நாடெங்கும் பறந்தது. அம்மாற்றத்தைத் தீண்டாமைக்கு எதிரான போராட்ட உத்தியாகக் கண்ட அப்துல் மாலிக் முஜாஹித்தின் நூல் எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. நாளிதழில் பதிந்துபோன பேச்சை அந்நூலால் மாற்ற முடியவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து இருவர்

மதத்தின் பெயரால் ஒரு பக்கமும் உரிமையின் பெயரால் மறுபக்கமும் நின்று, நடுவில் இருப்பவரின் உடலைப் பற்றி வாதிட்ட பழைய நிகழ்வு ஒன்று இம்மாவட்டத்தோடு தொடர்புடையது. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். எஸ். சத்தியமூர்த்தி 1887இல் திருமயத்தில் பிறந்தவர். தொண்டைமான் சமஸ்தானத்தின் இந்த இரண்டு பிள்ளைகளும் சென்னைச் சட்ட மேலவையில், தேவதாசி முறை ஒழிப்பு விவாதத்தில் எதிரெதிரே நின்றார்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927 நவம்பரில் முத்துலட்சுமி தீர்மானம் கொண்டுவந்தார். சமயமும் மரபும் காக்கப்பட வேண்டும் என்று எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தவர் சத்தியமூர்த்தி. (அந்த விவாதத்தைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் பதிலடிக் கதையை இங்கே விட்டுவிடுகிறேன். அது கைதட்டல் வாங்க உதவும், சான்றாக உதவாது.) 1930இல் முன்வைக்கப்பட்ட மசோதா சட்டமானது 1947இல்தான்.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்வது எளிது. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவர் வாதத்துக்குத் தனி வலு இருந்தது. பெரியாரின் 'குடிஅரசு' அந்த மசோதாவை ஆதரித்தது. ஆனால் பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் சேர்ந்து சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கத்தை அமைத்து, தாங்கள் கலைஞர்கள் என்றும் தங்களைக் கேளாமல் தங்களைப் பற்றிச் சட்டம் செய்யக் கூடாது என்றும் அரசுக்கு முறையிட்டார்கள். 1932 இறுதியில் சதிராட்டத்தை ஆதரித்த இ. கிருஷ்ணய்யரும் முத்துலட்சுமியும் சென்னை ஆங்கிலப் பத்திரிகைகளில் கடிதம் மூலம் மோதிக்கொண்டபோது, ஆடுகிற பெண்கள் அக்கடிதங்களின் பொருளாக இருந்தார்களே தவிர எழுதுகிறவர்களாக இல்லை. பின்னாளில் அம்ரித் ஸ்ரீனிவாசன், எஸ். ஆனந்தி, தாவேஷ் சோனேஜி ஆகியோரின் ஆய்வுகள் வந்த பிறகே இந்த இடைவெளி கண்ணில் பட்டது.

முத்துலட்சுமியின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பொட்டுக்கட்டப்பட்டவர்களில் பலர் சிறுமிகள். சிறுமியின் சம்மதம் என்று ஒன்றில்லை. ஆனாலும் அந்த விவாதம் நமக்கு விட்டுச்சென்ற பத்திரிகைப் பழக்கம் ஒன்று உண்டு. மதத் தரப்பு ஒருவர், சீர்திருத்தத் தரப்பு ஒருவர் என இருவர் பேசிவிட்டால் விவாதம் நிறைந்துவிட்டது என்று ஆசிரியர் குழு நினைத்துக்கொள்கிறது. மூன்றாமவரைத் தேடிப் போவதில்லை. இன்னொன்றையும் சொல்லலாம். 377ஆவது பிரிவை 2018இல் வீழ்த்திய வழக்கின் முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர், கலாக்ஷேத்ராவில் பயின்ற பரதநாட்டியக் கலைஞர். முப்பதுகளில் எந்த ஆட்டத்தைப் பற்றிச் சண்டை நடந்ததோ, அந்த ஆட்டத்தை ஆடுகிறவர் இம்முறை தாமே மனுதாரராக நீதிமன்றத்துக்கு வந்தார்.

அரசியல் பக்கம்: 2002 முதல் 2006 வரை

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூறுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தடையை மீறி மதம் மாற்றுகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அதுவும் குற்றம்.

தண்டனையைக் கூட்டும் அந்தப் பட்டியலில்தான் சட்டத்தின் மனம் தெரிகிறது. சிறாரோடு சேர்த்து வளர்ந்த பெண்ணையும் வளர்ந்த தலித்தையும் அது வைக்கிறது. எளிதில் மயங்கக்கூடியவர்கள், சொந்த புத்தியில்லாதவர்கள் என்ற கணிப்பு அதில் இருக்கிறது. ஒரிசாச் சட்டத்திலும் இதே பட்டியல் உண்டு. 'ஆசை காட்டுதல்' என்பதற்குள் பணமும் பொருளும் வரும். ஆனால் ஊரில் கிடைக்காத மரியாதையைத் தேடி ஒருவர் மதம் மாறினால், அதை ஆசை என்பதா, உரிமை என்பதா? சட்டம் இக்கேள்வியைக் கேட்கவில்லை. செய்திகளும் கேட்கவில்லை.

செய்திகளுக்கு அது ஜெயலலிதாவின் நகர்வாக, பாரதிய ஜனதாவை நெருங்கும் சமிக்ஞையாக, சிறுபான்மை வாக்குகளின் கணக்காகத் தெரிந்தது. கிறித்தவக் கல்வி நிறுவனங்கள் கதவடைத்து எதிர்ப்புத் தெரிவித்தன. காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் வரவேற்றார். கட்சித் தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக-பாஜக கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் தோற்றது. அந்த மே மாதமே விவசாயிகளின் இலவச மின்சாரத்தைத் திரும்ப அளிக்கும் அறிவிப்போடு மதமாற்றத் தடைச் சட்டத்தை விலக்கிக்கொள்ளும் அறிவிப்பும் வந்தது. 2006இல் திமுக ஆட்சி முறையான நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்ததும் தேர்தல் செய்தி, போனதும் தேர்தல் செய்தி. மின் கட்டணமும் மனசாட்சியும் ஒரே அறிவிப்பில் வந்து ஒரே தலைப்பின்கீழ் அச்சாவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

அதே காலத்தில் 2003இல், 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதை அரசு தடுத்தது. கருப்பர், அய்யனார், முனி என்று ஊருக்கு ஊர் சாமி உள்ள புதுக்கோட்டை வட்டாரத்தில் மத சுதந்திரம் என்பது நேரடியாக உறைத்த சந்தர்ப்பம் அது என்று சொல்லலாம். 2004 பிப்ரவரியில் அச்சட்டமும் நீக்கப்பட்டது. ஆனால் மத சுதந்திரம் என்ற தலைப்பில் கிடா வெட்டைச் சேர்க்க எந்தச் செய்தியறைக்கும் கை வருவதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதியினரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்து ஆட்சியர் கவிதா ராமு அங்கே சென்றபோது, இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதும் வெளிப்பட்டது; அவரே அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். மத சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25ஆவது உறுப்பு இம்மாவட்டத்தில் கண்முன்னே செயல்பட்ட நாள் அது. அது சாதிச் செய்தியாக வந்தது. சாதிச் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அது மத சுதந்திரச் செய்தியும்கூட என்று தோன்றாமல் போனதற்கு, 'மத சுதந்திரம்' என்றாலே மதம் மாறுவதை மட்டும் நினைக்கும் பழக்கம் காரணம்.

குற்றப் பக்கமும் நீதிமன்றப் பக்கமும்

மாவட்டச் செய்தியில் வாரம் தவறாமல் வரும் வடிவம் ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கலாம். தலைப்பு 'இளம்பெண் மாயம்'. முதல் வரியில் ஊரும் தந்தை பெயரும். அடுத்து மகளின் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது. வீட்டைவிட்டு வெளியே சென்றவர் திரும்பவில்லை. பல இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை. புகாரின்பேரில் போலீஸார் தேடி வருகின்றனர். நான்கு வரி, முடிந்தது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 19ஆக இருக்கலாம், 23ஆக இருக்கலாம். சட்டப்படி அவர் வயதுவந்தவர். எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பேசுகிறவர் தந்தை, எழுதுகிறவர் காவல் நிலைய எழுத்தர். பகுதி நேரச் செய்தியாளர் முதல் தகவல் அறிக்கையின் சாரத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி அனுப்புகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு செய்திக்கு அவருக்குக் கிடைப்பது சொற்பம், கிடைக்கும் ஆதாரம் காவல் நிலையம் மட்டுமே. நான்கு நாள் கழித்து அந்தப் பெண் நீதிபதி முன்னால் 'என் விருப்பப்படிதான் போனேன்' என்று சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் அச்சாவதில்லை. காணாமல் போனது செய்தி, கிடைத்தது செய்தியல்ல.

இந்த வடிவத்தின் மீதுதான் 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு கை வைத்தது. மதுரையைச் சேர்ந்த, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுக்க, வழக்குகள் பதிவாயின. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருள் பழக்கமற்றது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்பளித்தார். நம் நீதிமன்ற வரலாற்றில் இது அரிய நிகழ்வு. காணவில்லை என்ற புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்களைத் தொல்லை செய்யாமல் வழக்கை முடிக்க வேண்டும் என்று அவர் காவல்துறைக்கு உத்தரவிட்டார். இதைத் தொடர்ந்து 2022இல் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. ஊடகங்கள் இவர்களைக் குறிக்கும் விதம் பற்றியும் நீதிமன்றம் பேசியது. அதன் தூண்டுதலால் 2022 ஆகஸ்டில் தமிழக அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது.

தலைப்புகளில் இன்றும் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லே வருகிறது. மனிதரை அல்ல, ஒரு செயலை மட்டும் காட்டும் சொல் அது. ஆனால் சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருநங்கையர் விஷயத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் மரியாதையான சொல்லை விரைவாகவே ஏற்றுக்கொண்டன. 2008இல் நல வாரியம் அமைந்தது. கூவாகம் விழா ஆண்டுதோறும் படங்களோடு வருகிறது. 1996இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குச் சென்ற திருச்சி சிவா, பின்னர் மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24ஆம் தேதி அந்த அவையில் நிறைவேறியது. இத்தனைக்கும் செய்தியில் திருநங்கையர் பெரும்பாலும் அரசின் நலத்திட்டப் பயனாளிகளாகவே வருகிறார்கள். அரவான் கதை ஒரு சமயப் பின்னணியைத் தருகிறது. அரசாணை ஒரு நிர்வாகப் பின்னணியைத் தருகிறது. இவை இரண்டும் இல்லாத இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து வாழ்ந்தால் அவர்களுக்குக் குற்றப் பக்கம்தான் மிச்சம்.

2018 செப்டம்பர் ஒரு நல்ல சோதனைக் காலம். 6ஆம் தேதி 377 பற்றிய தீர்ப்பு. 28ஆம் தேதி சபரிமலைத் தீர்ப்பு. தீபக் மிஸ்ரா, நாரிமன், கான்வில்கர், சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா என்று இரண்டிலும் அதே ஐந்து நீதிபதிகள். முதலாவதில் ஐவரும் ஒத்துப்போனார்கள். இரண்டாவதில் இந்து மல்ஹோத்ரா மட்டும் மாறுபட்டார். இரண்டிலும் 'அரசியலமைப்பு அறநெறி' என்ற கோட்பாடே அச்சாணி. முதல் தீர்ப்பு சில நாட்களில் பக்கங்களிலிருந்து மறைந்தது. இரண்டாவது மாதக்கணக்கில் நீடித்தது. மாலை போட்டு மலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதும் தெருவில் போராட்டம் நடந்ததும் காரணங்கள்தாம், நியாயமான காரணங்கள். எனினும் ஒரே அமர்வு ஒரே கோட்பாட்டை ஒரே மாதத்தில் மதத்துக்கும் காதலுக்கும் பொருத்திப் பார்த்தது என்பதைச் சேர்த்து எழுதியிருந்தால், வாசகருக்கு நீதிமன்றம் என்ன செய்கிறது என்பதே புரிந்திருக்கும்.

ஒரே தீர்ப்புக்குள் இரண்டும்

சேர்த்து எழுத வேண்டிய அவசியத்தைச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஒரு தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. 2004 ஜூலை முதல் புதுக்கோட்டை மாவட்ட வழக்குகள் போவது அந்தக் கிளைக்குத்தான். புதுக்கோட்டை வாசகரை மனத்தில் வைத்ததற்கு நான் முன்னால் சொன்ன காரணம் இதுவே.

தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018 அக்டோபர் 31ஆம் தேதி சங்கர ராமேசுவரர் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். கோயில் நிர்வாகம் சான்றளிக்க மறுத்தது. பதிவு அலுவலகம் மறுத்தது. மாவட்டப் பதிவாளரும் மறுத்தார். 2019 ஏப்ரல் 22ஆம் தேதி நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறித் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். செய்திகளில் நிலைத்தது இந்த வரிதான். தீர்ப்புக்குள் இன்னொரு வரி இருக்கிறது. இருவரும் இந்துக்கள், கோயிலில் சமயச் சடங்கோடு மணந்தவர்கள், ஆகவே பதிவு செய்ய மறுத்தது 25ஆவது உறுப்பு தரும் அவர்களுடைய மத உரிமையையும் மீறியது என்கிறது அது. மத சுதந்திரமும் பால்சார் உரிமையும் ஒரே மனுதாரரிடம், ஒரே தாலியில் சேர்ந்திருக்கின்றன. பெரும் தலைப்புக்கு உரிய வரி அதுதான் என்பது என் எண்ணம்.

அத்தீர்ப்பு மேற்கோள் காட்டிய முன்னுதாரணங்களில் கேரளத்தின் ஹாதியா வழக்கும் ஒன்று. மதம் மாறி, தான் விரும்பியவரை மணந்த வயதுவந்த பெண்ணைத் தந்தை மீட்க முயன்ற வழக்கு. துணையைத் தேர்வது அவளுடைய உரிமை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மதம் மாறிய பெண்ணுக்குக் கிடைத்த நீதி, ஓராண்டில் தூத்துக்குடித் திருநங்கைக்குப் படியாயிற்று. இதற்கும் முன்னால், 2012இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம், மதம் மாறுகிறவர் முன்கூட்டியே ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியை நீக்கியது. ஒருவர் தம் நம்பிக்கையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையானது. மறு ஆண்டு 377 வீழ்ந்தது. நீதிமன்றங்களில் இந்த இரண்டு ஆறுகளும் கலந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

கலப்பு எப்போதும் சீராக இருந்ததில்லை. தஞ்சாவூர் மாவட்டம் மைக்கேல்பட்டியில் விடுதி மாணவி ஒருவர் இறந்ததையொட்டி மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தபோது, 2022 ஜனவரி 31ஆம் தேதி விசாரணையை சிபிஐக்கு மாற்றியவரும் தூத்துக்குடித் தீர்ப்பை அளித்த அதே நீதிபதி சுவாமிநாதன்தான். அந்த உத்தரவில் அவர் மதமாற்றத்தைப் பற்றிய ஐயத்துக்கு இடம் தந்து, திரைப்படங்களைக்கூடச் சுட்டினார். அந்த மாணவி வயதுவராதவர் என்பதால் சட்டக் கேள்வி வேறு. இரண்டையும் சமன் செய்ய நான் முயலவில்லை. 2025 மே 22ஆம் தேதி, நீதிபதி வி. லட்சுமிநாராயணனும் அவரும் அமர்ந்த அமர்வு, வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட பெண்ணை அவள் இணையோடு செல்ல அனுமதித்து, திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்றது. மூன்று உத்தரவுகளையும் ஒருசேரப் படித்தால் ஒரு நீதிமனம் எங்கே தாராளமாகிறது, எங்கே தயங்குகிறது என்பது தெரியும். தனித்தனிச் செய்திகளாகப் படித்தால், மைக்கேல்பட்டி 'மதம்', மற்றவை 'பால்' என்று பிரிந்து, அந்தப் படிப்பினையே நழுவிவிடுகிறது.

எதிர்வாதங்கள்

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. மதமாற்றம் பல நேரங்களில் ஊர் கூடி எடுக்கும் முடிவு, மீனாட்சிபுரம் அப்படித்தான். அதற்கு வாக்குக் கணக்கும் எதிர்வினையும் உண்டு. இரண்டு பெண்கள் வீட்டைவிட்டுப் போவது அப்படியல்ல. ஆகவே முதலாவது அரசியல் செய்தியாவது இயல்பே என்பார்கள். ஏற்கலாம். ஆனால் கூட்டத்துக்குள்ளும் தனி மனிதர் இருக்கிறார். அவரிடம் ஏன் மாறினீர்கள் என்று கேட்பதற்கு அரசியல் பக்கம் தடையாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு சங்கடமானது. வயதுவந்தவர்களின் சம்மத உறவுக்கு 377 பொருந்தாது என்ற 2009ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் கிறித்தவ அமைப்புகளும், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும், இந்து அமைப்புகளும் இருந்தன. மதமாற்றத் தடைச் சட்டத்தால் அடிபடும் சமூகங்களின் அமைப்புகளே மற்றொருவரின் படுக்கையறைக்குச் சட்டத்தை அழைத்தன. 2013 டிசம்பர் 11ஆம் தேதி அவர்கள் வென்றார்கள். அவ்வெற்றி ஐந்து ஆண்டுகள் நீடித்தது. இந்த முரணைச் சுட்டிக் காட்டத் தமிழ்ப் பத்திரிகைகள் தயங்கியதற்குச் சிறுபான்மையினரைப் புண்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம் காரணமாக இருக்கலாம். நல்லெண்ணத்தால் மறைத்தாலும் மறைத்ததுதான்.

கடைசியாக, சட்டம் இல்லாத இடத்தில் பிரச்சினையும் இல்லை என்ற எண்ணம். தமிழ்நாட்டில் இன்று மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை. ஆனால் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. கிறித்தவத்துக்கு மாறிய தலித் பட்டியல் சாதிச் சான்றிதழை இழக்கிறார். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு இது. மாறியவர் பலர் ஏட்டில் இந்துவாகவும் வீட்டில் கிறித்தவராகவும் வாழ்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர் பலர் ஏட்டில் மணமாகாதவராகவும் வீட்டில் இணையோடும் வாழ்கிறார்கள். 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த பிறகு அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இந்த இரட்டை வாழ்க்கை இரண்டு பக்கத்திலும் அன்றாட நடப்பு. நம் செய்திகளில் முதலாவது 'மோசடி' என்றும் இரண்டாவது 'விபரீத உறவு' என்றும் பெயர் பெறுகின்றன.

செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. மாவட்டப் பக்கத்தில் 'மாயம்' என்று செய்தி போட்டால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் வயது 18ஐத் தாண்டியிருந்தால், அவர் கிடைத்த பிறகு காவல் நிலையத்திலோ நீதிபதி முன்னாலோ என்ன சொன்னார் என்பதையும் பெயரில்லாமல், ஊரில்லாமல், அதே அளவு இடத்தில் போடுங்கள். மதமாற்றப் புகார் என்று செய்தி போட்டால், புகார் கொடுத்தவரின் கூற்றுக்கு அடுத்த பத்தியில் மதம் மாறியவரின் கூற்று வரட்டும். அவர் பேச மறுத்தால் மறுத்தார் என்றே போடுங்கள். 'ஆசை வார்த்தை கூறி' என்ற தொடரை முதல் தகவல் அறிக்கையில் போலீஸார் எழுதிக்கொள்ளட்டும். செய்தியில் அது வேண்டாம்.